"மெதுவாத்தான் சார் போனேன்"

1/
"மெதுவாத்தான் சார் போனேன்."

கேஷுவால்ட்டியில் நான் அடிக்கடி கேட்கும் வாக்கியம் இது. இந்த இழை அந்த வாக்கியத்துக்கான பதில். கொஞ்சம் நீளம்தான். வண்டி ஓட்டுபவர்கள் படியுங்கள். வண்டியின் பின்னால் உட்காருபவர்கள் கட்டாயம் படியுங்கள்.

2/
முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் மூளை அறுவை சிகிச்சை நிபுணர் இல்லை. எம்பிபிஎஸ் முடித்துவிட்டு அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கும் சாதாரண டூட்டி டாக்டர். தலையில் அடிபட்டு வருபவர்களை நிபுணர் பார்ப்பதற்கு முன்னால் பார்ப்பது என்னைப் போன்றவர்கள்தான். அதனால் அவர்கள் கடைசியாகத் தெளிவாகப் பேசிய நாலு வார்த்தைகளைக் கேட்பவர்களும் பல சமயம் நாங்கள்தான்.

3/
ஒரு மாலை. அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஐம்பதைத் தாண்டிய ஒரு அம்மா. மகன் ஸ்கூட்டர் ஓட்ட, பின்னால் ஒரு பக்கமாக உட்கார்ந்து கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். பெயின்ட் அழிந்துபோன ஸ்பீட் பிரேக்கர். வண்டி ஒரு தூக்கு தூக்கியது. அம்மா பின்பக்கமாக மல்லாந்து ரோட்டில் விழுந்தார். பின்மண்டை முதலில் தரையில் பட்டது.

4/
ஆட்டோவில் உட்கார்ந்தபடியேதான் வந்தார். பேர், ஊர், கிழமை எல்லாம் சரியாகச் சொன்னார். பின்மண்டையில் சின்ன வீக்கம், ரத்தம் இல்லை. "ஒண்ணும் இல்ல தம்பி, லேசா வலிக்குது, மாத்திரை குடுத்தா வீட்டுக்குப் போயிடுவேன்" என்றார். நான் அனுப்பவில்லை, படுக்க வைத்தேன். நாற்பது நிமிடத்தில் இரண்டு முறை வாந்தி. பிறகு கேட்ட கேள்விக்கு வேறு ஏதோ பதில். பிறகு தூக்கம். தட்டி எழுப்பினால் கண் திறக்கிற தூக்கம், அப்புறம் தட்டினாலும் திறக்காத தூக்கம்.

5/
எங்களிடம் சிடி ஸ்கேன் கிடையாது. 108-ல் ஏற்றி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினோம். மூன்றாம் நாள் இறந்துபோனார் என்று தெரிந்தது.

சில வாரம் கழித்து ஏ.ஆர். காப்பி கேட்டு மகன் வந்தார். கையில் ஹெல்மெட். நல்ல ஹெல்மெட், ஐஎஸ்ஐ முத்திரை போட்டது. விபத்து நடந்த அன்றும் அது அவர் தலையில்தான் இருந்தது. அம்மாவின் தலையில் முந்தானை இருந்தது.

"இருபத்தஞ்சுக்கு மேல போகல சார். மெதுவாத்தான் போனேன்."

6/
அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாத ஒரு கணக்கு இருந்தது. உங்களுக்கும் தெரிய வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஸ்கூட்டரின் பின்சீட்டில் உட்கார்ந்தால் தலை தரையிலிருந்து சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும். அங்கிருந்து விழுகிற எந்தப் பொருளும் தரையைத் தொடும்போது கிட்டத்தட்ட மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். வண்டி ஓடினாலும் சரி, வாசலில் ஸ்டாண்டு போட்டு நின்றாலும் சரி. இந்த வேகத்தைக் கொடுப்பது ஆக்ஸிலரேட்டர் இல்லை, பூமி. நீங்கள் மெதுவாகப் போனீர்கள் என்பதற்காகப் பூமி மெதுவாக இழுக்காது.

7/
இப்போது ஒரு தேங்காயை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஐம்பது அடி மரத்திலிருந்து மட்டையோடு தேங்காய் விழுகிறது. தரைக்கு வரும்போது வேகம் மணிக்கு 60 கிலோமீட்டரை நெருங்கியிருக்கும். தொம் என்று சத்தம் கேட்கும். ஆனால் பெரும்பாலும் உடையாது. அதே தேங்காயை மட்டை உரித்துப் பிள்ளையார் கோயில் கல்லில் போடுங்கள். அதில் பாதி வேகம்கூட வேண்டாம், சிதறிவிடும்.

ஓடு அதே ஓடுதான். மாறியது மட்டை மட்டுமே.

8/
மட்டை என்ன செய்தது? தேங்காயின் வேகத்தைக் குறைத்ததா? இல்லை. அது தரையைத் தொட்ட கணத்தில் முழு வேகத்தோடுதான் இருந்தது. மட்டை செய்தது ஒன்றே ஒன்று: நசுங்கியது. நசுங்குவதற்கு நேரம் எடுத்தது. அந்த நேரத்துக்குள் தேங்காய் கொஞ்சம் கொஞ்சமாக நின்றது.

செங்கல் தூக்கிப் போட்டுப் பிடிக்கிற கட்டட வேலைக்காரர்களைப் பாருங்கள். கல் கைக்கு வந்ததும் கையைக் கல்லோடு சேர்த்துக் கீழே இறக்குவார்கள். விறைப்பாக நீட்டிப் பிடித்தால் மணிக்கட்டு போய்விடும் என்று அவர்களுக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை.

9/
பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் இதற்குப் பெயர் கணத்தாக்கு. மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்துவிட்டு மறந்திருப்பீர்கள். நானும்தான்.

நிறையை வேகத்தால் பெருக்கினால் உந்தம். ஓடுகிற ஒன்று நிற்க வேண்டும் என்றால் அந்த உந்தம் முழுவதும் போயாக வேண்டும். அதில் பேரமே கிடையாது. விசையையும் அது செயல்படும் நேரத்தையும் பெருக்கினால் அந்த உந்த மாற்றம் வர வேண்டும். நேரம் குறைந்தால் விசை ஏறும். நேரம் கூடினால் விசை இறங்கும். நம் கையில் இருப்பது நேரம் மட்டும்தான்.

10/
அந்த அம்மாவின் தலைக்கு இதைப் போட்டுப் பார்ப்போம். தலையின் நிறை சுமார் 5 கிலோ. வேகம் நொடிக்கு 5.4 மீட்டர். உந்தம் 27.

வெறும் தலை தார் ரோட்டில் பட்டு 2 மில்லி செகண்டில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். விசை 13,500 நியூட்டன். ஒன்றே கால் டன்னுக்கும் அதிகமான எடை ஒரே புள்ளியில் உட்காருவது மாதிரி.

அதே தலை 8 மில்லி செகண்டில் நின்றால்? சுமார் 3,400 நியூட்டன். நாலில் ஒரு பங்கு. (இது சராசரிக் கணக்கு. தலைக்குத் தலை, தரைக்குத் தரை கொஞ்சம் மாறும். விகிதம் மாறாது.)

11/
இடையில் இருக்கும் வித்தியாசம் 6 மில்லி செகண்ட். ஒரு முறை கண் சிமிட்டுகிற நேரத்தில் பத்துக்கும் மேற்பட்ட 6 மில்லி செகண்டுகள் அடங்கிவிடும்.

அந்த 6 மில்லி செகண்டை எங்கே வாங்குவது? இரண்டு சென்டிமீட்டரில். தலை 8 மில்லி செகண்டில் நிற்க வேண்டுமானால், நிற்பதற்கு முன் சுமார் 2.2 சென்டிமீட்டர் தூரம் அது நகர இடம் வேண்டும். தார் ரோடு அந்த இடத்தைக் கொடுக்காது. மண்டை ஓடும் கொடுக்காது. கொடுத்தால் அதற்குப் பெயர் எலும்பு முறிவு.

12/
மண்டை ஓடு உடையாவிட்டால் தப்பித்தோம் என்றும் நினைக்காதீர்கள். மூளை ஓட்டுக்குள் திரவத்தில் மிதந்துகொண்டிருக்கிறது, தயிர்க்கட்டி பதத்தில். ஓடு சடாரென்று நின்றாலும் உள்ளே மூளை நிற்காது. பின்மண்டை அடிபட்டால் மூளையின் முன்பக்கம் ஓட்டின் கரடுமுரடான உள்தரையில் உரசி நசுங்கும். மூளைக்கும் ஓட்டுக்கும் நடுவில் இருக்கும் ரத்தநாளங்கள் கிழியும். ரத்தம் மெல்லச் சேரும். அதனால்தான் ஆரம்பத்தில் நன்றாகப் பேசுகிறார்கள். "நல்லாத்தானே பேசினாங்க" என்று சொந்தக்காரர்கள் எங்களைக் கேட்கிறார்கள். ஆமாம், நன்றாகத்தான் பேசினார்கள்.

13/
இப்போது ஹெல்மெட் என்பது என்ன என்று சொல்கிறேன். வெளியே பளபளவென்று இருக்கும் அந்த ஓடு ஹெல்மெட்டின் சட்டை. ஹெல்மெட்டின் உயிர் உள்ளே இருக்கிறது: தெர்மாகோல். டிவி பெட்டிக்குள் வைத்து வருகிறதே, அதே இனம், கொஞ்சம் கெட்டியானது. அடிபட்டால் நசுங்கி, நசுங்கியபடியே நிற்கும். அதுதான் தேங்காய் மட்டை. அதுதான் அந்த இரண்டு சென்டிமீட்டர்.

மட்டையைத் தூக்கி எறிந்துவிட்டு இன்னொரு ஓட்டை மாட்டிக்கொள்வதைத்தான் நம்மில் பாதிப்பேர் செய்துகொண்டிருக்கிறோம்.

14/
ரோட்டோரத்தில் குடை நட்டு, கயிற்றில் வரிசையாகத் தொங்கவிட்டு விற்கும் இருநூறு முந்நூறு ரூபாய்த் தொப்பியைக் கையில் எடுத்து உள்ளே பாருங்கள். கால் இஞ்ச் ஸ்பாஞ்ச். மேலே ஒரு துணி. கட்டை விரலால் அழுத்தினால் நேராக பிளாஸ்டிக் தட்டுப்படும். ஸ்பாஞ்சு மென்மையாக இருக்கிறது என்று சந்தோஷப்படாதீர்கள். விரலுக்கே முழுசாக அமுங்கிவிட்ட ஒன்று, 5 கிலோ தலை வந்து மோதும்போது தருகிற நேரம் அனேகமாகப் பூஜ்ஜியம்.

அது ஹெல்மெட் இல்லை. அபராதத்தைத் தடுக்கும் தாயத்து.

15/
சைட்டில் போடும் மஞ்சள் தொப்பியை மாட்டிக்கொண்டு வருபவர்களும் உண்டு. அது மேலேயிருந்து உச்சந்தலையில் ஏதாவது விழுந்தால் தாங்குவதற்காகச் செய்தது. அதற்கான தரநிலை எண்ணே வேறு, ஐஎஸ் 2925. பைக் ஹெல்மெட்டுக்கு ஐஎஸ் 4151. ரோட்டில் விழுபவர்கள் பக்கவாட்டிலும் பின்மண்டையிலும் முகத்திலும் விழுகிறார்கள். உச்சந்தலையை நேராக ஊன்றி விழுபவர்கள் மிகக் குறைவு.

16/
நல்ல ஹெல்மெட் வாங்கிவிட்டு வாரை மாட்டாதவர்களே, உங்களுக்கும் சேர்த்துத்தான். வார் மாட்டாத ஹெல்மெட் முதல் குலுக்கலிலேயே கழன்று தனியாக ஓடும். தலை தனியாக வந்து விழும். மோட்டார் வாகனச் சட்டம் 129-வது பிரிவு "ஹெல்மெட் வைத்திரு" என்று சொல்லவில்லை. வாரால் தலையோடு இறுக்கியிருக்க வேண்டும் என்கிறது. டேங்க் மேல் வைப்பது, முழங்கையில் மாட்டுவது, போலீஸைப் பார்த்ததும் கவிழ்த்துக்கொள்வது எதுவும் கணக்கில் வராது. சட்டத்தின் கணக்கிலும் வராது, உந்தத்தின் கணக்கிலும் வராது.

17/
இனி பின்சீட்டு. எனக்கு அதிகம் கோபம் வருவது இங்கேதான்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022-ல் இந்தியாவில் ஹெல்மெட் அணியாமல் இறந்தவர்கள் 50,029 பேர். அதில் ஓட்டியவர்கள் 35,692. பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் 14,337. ஒரு நாளைக்கு 39 பேர். வண்டியின் எந்தக் கட்டுப்பாடும் கையில் இல்லாதவர்கள். பிரேக் அவர்களிடம் இல்லை. குழி வருவது அவர்களுக்குத் தெரியாது. ஒரு பக்கமாக உட்கார்ந்தால் பிடித்துக்கொள்ளவும் சரியான இடம் இல்லை.

18/
ஆனாலும் ஹெல்மெட் யாருக்கு? ஓட்டுகிற அவருக்கு. "அம்மாவுக்கு எதுக்கு, பக்கத்துலதானே." "கொண்டை இருக்கு, பூ நசுங்கிடும்." "எனக்கெல்லாம் எதுக்குப்பா, நீ போட்டுக்க." மகனுக்கு நல்ல ஹெல்மெட் வாங்கக் காசு கொடுத்துவிட்டு, தனக்கு முந்தானையை இழுத்துவிட்டுக்கொள்ளும் அம்மாக்கள் நம் ஊரில் எத்தனை பேர்? இதைத் தியாகம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஹேண்டில்பாரைப் பிடித்திருப்பது யார் என்று பார்த்து இழுக்கப் பூமிக்குத் தெரியாது.

4 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்பது 2019 திருத்தத்துக்குப் பிறகு சட்டம். டேங்க் மேல் உட்கார்ந்து வரும் ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்கும் சேர்த்துத்தான்.

19/
அமலாக்கும் அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. 2015 ஜூலை 1 முதல் ஹெல்மெட் கட்டாயம் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னபோது கடைகளில் எவ்வளவு கூட்டம் என்று நமக்கு ஞாபகம் இருக்கிறது. எல்லோரும் வாங்கியது தலைக்காகவா? ஃபைனுக்காக. இன்றும் தலையில் எதுவும் இல்லாதவரை நிறுத்தி ஆயிரம் ரூபாய் போடுகிறார்கள். ஸ்பாஞ்சுத் தொப்பிக்காரர் பக்கத்திலேயே கடந்து போகிறார். பின்சீட்டு அம்மாவும் பல இடங்களில் அப்படியே போகிறார்.

ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத பைக் ஹெல்மெட்டைத் தயாரிப்பதும் விற்பதும் 2021 ஜூன் 1 முதல் தடை. அப்படியிருந்தும் அந்தக் கயிற்றில் அது தொங்குகிறது. தலையைச் சோதிக்கிற அதே சாலையில் கடையையும் சோதியுங்கள்.

20/
"ஹெல்மெட் போட்டும்தான் செத்தான்." இதைச் சொல்ல ஒருத்தர் கமென்ட்டில் வருவார். அவருக்கு இப்போதே பதில்.

ஆமாம், சாகிறார்கள். ஹெல்மெட்டிடம் இருப்பது இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான். எண்பதில் போய் லாரியின் பின்பக்கத்தில் நேராக மோதினால் அது போதாது. வேகம் இரட்டிப்பானால் தலை உறிஞ்சச் சொல்லும் ஆற்றல் நாலு மடங்கு. ஆனால் சறுக்கி விழும் விபத்துகளில் முன்னோக்கிய வேகம் ரோட்டில் தேய்ந்து போகும். தலை தரையில் குத்துகிற வேகம் பெரும்பாலும் அந்த ஒன்றரை மீட்டர் உயரத்தின் வேகம்தான். அதற்கு அந்த சென்டிமீட்டர்கள் போதும்.

காக்ரேன் என்ற ஆய்வுத் தொகுப்பு 2008-ல் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது: ஹெல்மெட் தலைக்காயத்தை 69 சதவீதமும் மரணத்தை 42 சதவீதமும் குறைக்கிறது. நூறு இல்லை. நாற்பத்திரண்டு. மாத்திரையில் இப்படி ஒன்று வந்தால் க்யூவில் நிற்போம்.

21/
"எல்லாம் விதி டாக்டர்." சரி, ஒரு கதை.

லாரன்ஸ் ஆஃப் அரேபியா படம் பார்த்திருப்பீர்கள். நிஜ லாரன்ஸ் 1935 மே மாதம் இங்கிலாந்தில் மோட்டார் சைக்கிளில் போகும்போது, சைக்கிளில் வந்த இரண்டு பையன்களைத் தவிர்க்க வண்டியைத் திருப்பி, தூக்கி எறியப்பட்டார். தலைக்காயம். ஹெல்மெட் இல்லை. ஆறு நாள் மயக்கத்தில் கிடந்து இறந்தார். பார்த்த டாக்டர்களில் ஒருவர் ஹியூ கெய்ர்ன்ஸ் என்ற மூளை அறுவை சிகிச்சை நிபுணர்.

22/
கெய்ர்ன்ஸ் விதி என்று எழுதிவிட்டுப் போகவில்லை. மோட்டார் சைக்கிள்காரர்களின் தலைக்காயங்களைத் தொகுத்தார். 1941-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஹெல்மெட்டின் அவசியத்தைப் பற்றிக் கட்டுரை எழுதினார். அதே ஆண்டு நவம்பரில் பிரிட்டிஷ் ராணுவம் தன் மோட்டார் சைக்கிள் வீரர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. பொதுமக்களுக்கு அங்கே சட்டம் வந்தது 1973-ல். கெய்ர்ன்ஸ் அதைப் பார்க்கவில்லை, 1952-லேயே இறந்துவிட்டார்.

ஒருவரின் விதி என்று எல்லோரும் விட்டிருந்தால் அந்தக் கட்டுரை வந்திருக்காது.

23/
இப்போது என் பங்கு. அந்த அம்மாவை 108-ல் ஏற்றிவிட்ட மறுநாள் காலை டூட்டி முடிந்து வெளியே வந்தேன். பைக்கில் ஒரே ஒரு ஹெல்மெட். என் ஹெல்மெட். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை என் அம்மாவை அதே பைக்கின் பின்னால் உட்கார வைத்து மார்க்கெட்டுக்குக் கூட்டிப் போயிருந்தேன். அவர் தலையில் இருந்ததும் முந்தானைதான்.

எம்பிபிஎஸ் படித்தவன். தினமும் தலைக்காயம் பார்க்கிறவன். "பக்கத்துலதானேம்மா" என்று சொன்னவனும் நான்தான். அந்த மகனைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அதனால்தான் இந்த இழையில் "நம்மில்" என்று எழுதுகிறேன்.

வீட்டுக்குப் போவதற்கு முன்னால் இரண்டாவது ஹெல்மெட் வாங்கினேன். அம்மா திட்டினார். "வேகுதுடா, தலை கனக்குது." உண்மைதான், வேகும். கனக்கும். போட்டுக்கொண்டுதான் வருகிறார்.

24/
தமிழ்நாடு அரசின் "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை. நல்ல திட்டம். அதில் பிழைத்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். 108 இருக்கிறது, ட்ராமா வார்டு இருக்கிறது, தூங்காமல் நிற்கும் நர்ஸ்கள் இருக்கிறார்கள். ஆனால் இவை எல்லாமே தலை தரையைத் தொட்ட பிறகு தொடங்குகிற நேரம். கிழிந்துபோன மூளை நரம்பிழையைத் தைக்க எந்த ஆஸ்பத்திரியிலும் நூல் இல்லை.

அரசு 48 மணி நேரம் தருகிறது. நான் உங்களிடம் கேட்பது 8 மில்லி செகண்ட்.

25/
இன்றைக்கே செய்ய வேண்டியது:

உங்கள் ஹெல்மெட்டின் உள்துணியை விலக்கிப் பாருங்கள். கெட்டியான தெர்மாகோல் இரண்டு மூன்று சென்டிமீட்டர் சுற்றிலும் இருக்க வேண்டும். ஸ்பாஞ்சு மட்டும் என்றால் அதைச் செடி வைக்கப் பயன்படுத்துங்கள்.

பின்பக்கம் ஐஎஸ்ஐ முத்திரை, ஐஎஸ் 4151, அதோடு உரிம எண் இருக்கிறதா பாருங்கள். அந்த எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் உண்மையா போலியா என்று தெரியும்.

வாரை மாட்டுங்கள். தாடைக்குக் கீழே இரண்டு விரல் நுழைகிற அளவு, அதற்கு மேல் தளர்வு வேண்டாம்.

ஒரு விபத்தில் அடிபட்ட ஹெல்மெட்டை மறுபடி போடாதீர்கள். வெளியே கீறல்தான் தெரியும். உள்ளே மட்டை நசுங்கி முடிந்திருக்கும். தன் வேலையை அது செய்துவிட்டது.

தலையில் அடிபட்டு நன்றாகப் பேசினாலும் ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். வாந்தி, குழப்பம், அசாதாரணத் தூக்கம் என்றால் ஒரு நிமிடமும் காத்திருக்காதீர்கள்.

26/
கடைசியாக ஒன்று. இதற்கு லைக் போடாவிட்டாலும் பரவாயில்லை. எழுந்துபோய் உங்கள் வண்டியில் எத்தனை சீட் இருக்கிறது என்று எண்ணுங்கள். பிறகு வீட்டில் எத்தனை ஹெல்மெட் இருக்கிறது என்று எண்ணுங்கள். இரண்டும் ஒரே எண்ணாக இல்லையென்றால், யாருடைய தலையை நீங்கள் கணக்கில் சேர்க்கவில்லை என்று யோசியுங்கள். அந்த முகம் உடனே நினைவுக்கு வரும்.

அந்த மகன் ஏ.ஆர். காப்பியை வாங்கிக்கொண்டு வாசல் வரை போய்த் திரும்பி வந்து கேட்டார்: "அம்மா போட்டிருந்தா பொழச்சிருப்பாங்களா சார்?"

எனக்குக் கணக்கு தெரியும். சொல்ல முடியவில்லை. அவருக்குச் சொல்லாததை உங்களுக்குச் சொல்லிவிட்டேன்.